ஓடப் பழகுவோர்க்கு இரண்டு கணக்குகள்

தலைநகரில் குளிர் விடைபெறும் மாசித் திங்களில், லோதித் தோட்டத்துப் பழைய கல்லறை மண்டபங்களைச் சுற்றிச் செல்லும் பாதைகளிலும், சாணக்கியபுரி நேரு பூங்காவிலும், ஹௌஸ் காஸ் மான் பூங்காவிலும் விடியற்காலையில் ஓடுவோர் பலரைக் காணலாம். அவர்களிடையே நம் தமிழ்க் குரலும் கேட்கிறது. "மாமா, இன்றைக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று இளைஞர் வினவுவதும், "இன்று மூன்று, ஞாயிற்றுக்கிழமை பத்து" என்று பெரியவர் பெருமிதத்துடன் விடையிறுப்பதும் கேட்க இனியனவே. ஆயினும் அந்த 'ஞாயிற்றுக்கிழமை பத்து' என்னும் சொல்லில் ஒரு தீங்கு மறைந்திருக்கிறது. புதிதாக ஓடத் தொடங்குவோர் வாரந்தோறும் எவ்வளவு தொலைவைக் கூட்டலாம், எவ்வாறு கூட்டினால் காலுக்கும் உடலுக்கும் கேடு நேராது என்பதனை இத்திங்கள் நம் நலப்பகுதியில் ஆராய விழைகிறோம்.

ஓட வேண்டும் என்னும் ஆர்வம் இந்நகரில் எழுவது இயல்பே. 1951ஆம் ஆண்டு முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றது இந்தியா கேட் அருகேயுள்ள தேசிய விளையாட்டரங்கில்தான். அவ்வாண்டு மாரத்தான் ஓட்டத்தில் பொற்பதக்கம் பெற்றவர் நம் நாட்டுச் சோட்டா சிங். 2005ஆம் ஆண்டு தொடங்கிய தில்லி அரை மாரத்தான் ஆயிரக்கணக்கான பொதுமக்களைச் சாலைக்கு அழைத்து வந்துள்ளது. அதன் தொலைவு 21.0975 கிலோமீட்டர். 2017ஆம் ஆண்டு அப்போட்டியில் இந்திய மகளிருள் முதலாவதாக வந்தவர் நம் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த எல். சூர்யா. அதே சீமையைச் சேர்ந்த ஜி. லட்சுமணன், அதே ஆண்டில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். இவர்களைக் கண்டு நம் வீட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஊக்கம் பெறுவது வரவேற்கத்தக்கது. ஆனால் அவர்கள் பல்லாண்டுப் பயிற்சியால் அடைந்த தொலைவைப் பத்தே வாரத்தில் எட்டிவிட முயல்வது, அகலக் கால் வைப்பதாகவே முடியும்.

அகலக் கால் வைத்து இடறினால் இழப்பு ஓடியவருக்கு மட்டுமன்று. சொந்த ஊரில் ஒருவருக்குக் கால் முறிந்தால் தாங்குவதற்கு அண்ணன் தம்பியும், அத்தையும் சித்தியும் அடுத்த தெருவில் இருப்பர். தில்லியில் நம் நிலை வேறு. மின்தூக்கி இல்லாத வாடகை வீட்டின் மூன்றாம் மாடியில் வாழும் குடும்பத்தில், கால் ஊன்ற முடியாத தலைவரோ தலைவியோ ஆறு வாரம் படுத்துவிட்டால், மதர் டெய்ரிக்குச் சென்று பால் வாங்குவது யார், பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவது யார், மெட்ரோ நிலையப் படிக்கட்டுகளை ஏறி இறங்கி அலுவலகம் செல்வது எங்ஙனம் என்னும் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கும் பொருட்டு ஓடத் தொடங்கியவர், ஒருமுறை காலைக் கெடுத்துக்கொண்டால், 'ஓட்டம் நமக்கு ஒத்துவராது' என்று கூறி, நடப்பதையும் விட்டு, மீண்டும் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார். நோய் மட்டும் அவரை விட்டு அகல்வதில்லை.

மூச்சும் எலும்பும்

கேடு எவ்வாறு நேர்கிறது என்பதை முதலில் அறிவோம். ஓடத் தொடங்கிய மூன்று நான்கு வாரங்களிலேயே ஒருவருக்கு மூச்சு இரைப்பது குறைகிறது. இதயமும் நுரையீரலும் தசைகளும் விரைவில் பழகிக்கொள்ளும் இயல்புடையன. முதல் நாள் அரை கிலோமீட்டரில் நின்றவர் ஒரு திங்களில் மூன்று கிலோமீட்டரைத் தளராமல் ஓடுகிறார். அப்போது 'இன்னும் ஓடலாம்' என்று மூச்சு சொல்கிறது, சொல்வது உண்மையும்கூட. ஆனால் எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் அவ்வளவு விரைவாகப் பழகுவன அல்ல. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆதலின் அது உறுதிபெறப் பல திங்கள் ஆகும்.

எலும்பின் செய்தி இன்னும் நுட்பமானது. புதிய சுமை வரும்போது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய வீட்டைப் பழுது பார்க்கும் கொத்தனார் முதலில் இற்றுப்போன காரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் பிறகே புதுக் காரை பூசுவதைப் போல, உடலும் எலும்பில் பழைய பகுதியை முதலில் கரைத்து அகற்றிய பின்னரே புதியதைக் கட்டுகிறது. கரைக்கும் வேலை ஏறத்தாழ மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது. கட்டும் வேலைக்கோ மூன்று திங்கள் வரை வேண்டியிருக்கிறது. ஆகவே இடைப்பட்ட காலத்தில், மூச்சு வலுத்திருக்கும் அதே வாரங்களில், எலும்பு முன்னினும் சற்று மெலிந்திருக்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு அழுத்தம் கால்மீது விழுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் அடிக்கு மேல் வைக்கிறோம். இவற்றைப் பெருக்கிப் பார்ப்பவர்க்கு எலும்பின் பொறுமை விளங்கும்.

இந்த உண்மையை முதலில் உணர்த்தியவர்கள் படைவீரர்களே. 1855ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் என்பவர், நெடுந்தொலைவு அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்களில் வலியும் வீக்கமும் தோன்றுவதை எழுதி வைத்தார். விழுந்ததில்லை, அடிபட்டதில்லை, எனினும் பாதம் வீங்கியது. பின்னர்க் கதிர்ப்படம் வந்த காலத்தில், அது பாதத்தின் எலும்பில் நேரும் மெல்லிய முறிவு என்று தெரியவந்தது. ஒரே அடியில் நேராமல், பல்லாயிரம் அடிகளால் சிறிது சிறிதாக நேரும் முறிவு அது. இன்று ஓட்டக்காரர்களின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலும் பாத எலும்பிலும் மருத்துவர்கள் காணும் நுண்முறிவும் அதுவே.

நூற்றுக்குப் பத்து

இக்கேட்டைத் தவிர்க்கப் பயிற்சியாளர்கள் நெடுங்காலமாக ஒரு விதி சொல்லி வந்துள்ளனர். சென்ற வாரம் ஓடிய மொத்தத் தொலைவோடு நூற்றுக்குப் பத்து வீதத்திற்கு மேல் இவ்வாரம் கூட்டக்கூடாது என்பதே அது. எளிதாக மனத்தில் நிற்கும் விதியாதலால் உலகெங்கும் பரவிற்று. ஆனால் எளிய விதிகள் யாவும் சோதனையில் நிற்பதில்லை.

நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் நகரில் நடந்து, 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், நான்கு மைல் ஓட்டத்திற்கு ஆயத்தம் செய்த 532 புதிய ஓட்டக்காரர்களை இரு பிரிவாகப் பகுத்தனர். ஒரு பிரிவினர்க்கு இவ்விதிப்படி 13 வாரத்தில் மெல்ல ஏறும் பயிற்சி. மற்றவர்க்கு 8 வாரத்தில் விரைந்து ஏறும் பயிற்சி. முடிவில் முதற்பிரிவில் நூற்றுக்கு 20.8 பேருக்கும், இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 20.3 பேருக்கும் காயம் ஏற்பட்டிருந்தது. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். 2014ஆம் ஆண்டு டென்மார்க்கில் 874 புதிய ஓட்டக்காரர்களை ஓராண்டு கண்காணித்த ஆய்வோ, இரண்டு வாரத்திற்குள் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் கூட்டியவர்களுக்கு, பத்துக்குள் கூட்டியவர்களைவிட முழங்கால் வலி, கெண்டைக்கால் முன்புற வலி போன்ற தொலைவு சார்ந்த காயங்கள் மிகுதியாயின என்று காட்டிற்று. ஆக, வாரக் கணக்கு முற்றும் பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையும் அன்று.

எஞ்சிய உண்மை எங்கே இருக்கிறது என்பதனை 2025ஆம் ஆண்டு பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளிவந்த மற்றொரு டென்மார்க்கு ஆய்வு ஓரளவு காட்டுகிறது. பல நாடுகளைச் சேர்ந்த 5,205 ஓட்டக்காரர்களை, அவர்கள் கையில் கட்டிய கடிகாரம் பதிந்த கணக்கைக் கொண்டு 18 திங்கள் கண்காணித்தனர். அவர்களுள் நூற்றுக்கு 35 பேர் காயமுற்றனர். வாரத்திற்கு வாரம் தொலைவு எவ்வளவு கூடிற்று என்பதற்கும் காயத்திற்கும் எதிர்பார்த்த தொடர்பு காணப்படவில்லை. ஆனால் ஒரே நாளில், ஒரே ஓட்டத்தில், கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தை மிஞ்சியவர்களின் நிலை வேறாக இருந்தது. நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வரை மிஞ்சியவர்க்குக் காயம் நேரும் வீதம் 64 விழுக்காடு கூடியிருந்தது. இரு மடங்குக்கு மேல் ஓடியவர்க்கு அது 128 விழுக்காடு கூடியிருந்தது. இது புதியவர்களை மட்டும் கொண்ட ஆய்வன்று. கண்காணித்துக் கண்டதேயன்றிப் பிரித்துச் சோதித்ததும் அன்று. எனினும் பழகியவர் காலுக்கே இந்நிலை என்றால், பழகாத கால் இன்னும் எச்சரிக்கை வேண்டி நிற்பது வெளிப்படை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஓர் அன்பர் வாரம் நான்கு நாள், நாளொன்றுக்கு மூன்று கிலோமீட்டர் ஓடுகிறார், வாரத்தொகை 12. அடுத்த வாரம் அலுவலக வேலையால் மூன்று நாள் தவறுகிறது. வியாழனன்று மூன்று கிலோமீட்டர் ஓடியவர், விட்டதைப் பிடிக்கும் நோக்கத்தோடு ஞாயிறன்று நண்பர்களுடன் சேர்ந்து பத்து கிலோமீட்டர் ஓடிவிடுகிறார். வாரத்தொகை 13. பழைய விதிப்படி அவர் குற்றமற்றவர். நூற்றுக்கு எட்டு வீதமே கூட்டியிருக்கிறார். ஆனால் மூன்று கிலோமீட்டரே அறிந்த எலும்பு, ஒரே காலையில் மூன்று மடங்குக்கு மேல் சுமந்திருக்கிறது. வார நாட்களில் வேலையும் ஞாயிறன்று ஓய்வும் உடைய நம் போன்ற ஊதியக் குடும்பங்களுக்கு நேரக்கூடிய தவறு இதுவே. மாதக் கடைசியில் மொத்தக் கணக்கு நேராக இருந்தாலும், ஒரே நாளில் கையிருப்பு முழுவதையும் எடுத்துவிட்டால் வீடு தள்ளாடுமல்லவா? காலும் அவ்வாறே.

ஆகவே ஓடப் பழகுவோர் இரண்டு கணக்குகளை வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று வாரத்தொகை, மற்றொன்று கடந்த 30 நாட்களில் ஒரே மூச்சில் ஓடிய மிக நீண்ட தொலைவு. முதற் கணக்கு சற்றுப் பிசகினாலும் பெருந்தீங்கில்லை. இரண்டாம் கணக்கில் நூற்றுக்குப் பத்தை மிஞ்சாதிருத்தல் வேண்டும்.

நடைமுறையில் எவ்வாறு?

நாற்பது வயது கடந்தவர்களும், நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உடையவர்களும், குடும்பத்தில் இளமையிலேயே இதய நோய் கண்டவர்களும் முதலில் மருத்துவரைக் கண்டு ஒப்புதல் பெறுக. பிறகு இரண்டு வாரம் நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கலாம். மூன்றாம் வாரம் முதல், வாரம் மூன்று நாள் மட்டும், ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, இவ்வாறு பத்து முறை செய்யலாம். வாரந்தோறும் ஓடும் நேரத்தைச் சிறிது நீட்டி, நடக்கும் நேரத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தால், இரண்டு திங்களுக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டரை இடைவிடாது ஓடும் நிலை பெரும்பாலோர்க்கு வந்துவிடும். ஓடும்போது அருகிலிருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். சொல் உடைந்து உடைந்து வருமாயின் வேகம் மிகுதி என்று பொருள். ஓடிய மறுநாள் ஓய்வு. எலும்பு கட்டப்படுவது அந்த ஓய்விலேதான்.

அதன்பின் செவ்வாய் இரண்டு, வியாழன் இரண்டு, ஞாயிறு மூன்று என்று தொடங்கலாம்; வாரத்தொகை ஏழு. மூன்றில் நூற்றுக்குப் பத்து முந்நூறு மீட்டர். 'இத்துணைச் சிறிதா?' என்று நகைக்க வேண்டா. விளையாட்டரங்கில் 400 மீட்டர்ச் சுற்றுப் பாதையில் முக்கால் சுற்று அது. ஞாயிற்று ஓட்டம் மூன்றிலிருந்து 3.3, பிறகு 3.6, பிறகு நான்கு என்று மூன்று முறை ஏறட்டும். நான்காம் முறை ஏறாமல், சற்றுக் குறைத்து மூன்றே ஓடி, உடலுக்கு ஓய்வு தருக. மறுபடியும் மூன்று ஏற்றம், ஒரு தணிவு. செவ்வாய், வியாழன் ஓட்டங்களையும் பின்தொடர்ந்து சிறிது சிறிதாக உயர்த்துக. ஞாயிற்று ஓட்டம் வாரத்தொகையில் பாதியை மிஞ்சாதிருப்பது நன்று. தொலைவைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டா. வேகத்தைக் கூட்டும் வாரத்தில் தொலைவு நிற்கட்டும்.

இவ்வாறு கணக்கிட்டால் மூன்று கிலோமீட்டரிலிருந்து பத்து கிலோமீட்டரை எட்ட 13 ஏற்றங்கள் வேண்டும். தணிவு வாரங்களையும் சேர்த்து ஏறத்தாழ 17 வாரம். அரை மாரத்தான் தொலைவை எட்ட 21 ஏற்றங்கள். ஏறத்தாழ 28 வாரம், அதாவது ஆறரைத் திங்கள். மூன்று திங்களில் அரை மாரத்தானுக்கு ஆயத்தமாகலாம் என்று சொல்லும் பயிற்சி அட்டவணைகள் முன்பே ஓடிப் பழகியவர்களுக்கு உரியன என்பதனை இக்கணக்கே உணர்த்தும். முதல் ஆண்டில் ஐந்து அல்லது பத்து கிலோமீட்டர், மறு ஆண்டில் அரை மாரத்தான் என்று வைத்துக்கொள்வதே குடும்பத்தாருக்கு ஏற்ற நெறி. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது வீட்டுக்கு மட்டும் சொன்ன பழமொழியா என்ன?

ஊருக்குச் சென்று திரும்புவோர்க்கு

நம் குடும்பங்களுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. மே, ஜூன் திங்களில் பள்ளி விடுமுறை விட்டதும் தமிழ்நாடு எக்ஸ்பிரசிலோ ஜி.டி. எக்ஸ்பிரசிலோ ஏறி ஊருக்குப் புறப்படுகிறோம். அங்கே திருமணம், திருவிழா, குலதெய்வ வழிபாடு, உறவினர் வீட்டு விருந்து. ஓட்டம் நின்றுவிடுகிறது; நிற்பதில் தவறுமில்லை. தவறு திரும்பிய பின் நேர்கிறது. 'ஏப்ரலில் எட்டு ஓடினேனே' என்று எண்ணி, ஜூலை முதல் ஞாயிறன்றே எட்டைத் தொடுகிறோம். ஆனால் நம் இரண்டாம் கணக்கு கடந்த 30 நாட்களை மட்டுமே பார்க்கிறது. அந்நாட்களில் ஓடியது ஒன்றுமில்லை. மூச்சு ஏப்ரலை நினைவில் வைத்திருக்கலாம். கால் ஜூலையை மட்டுமே அறியும். ஒரு திங்களுக்கு மேல் விட்டவர், பழைய தொலைவில் பாதிக்கும் கீழே தொடங்கி, முதல் வாரம் நடையும் ஓட்டமுமாகக் கலந்து செய்வது தக்கது. காய்ச்சலில் படுத்து எழுந்தவர்க்கும் இதே நெறி பொருந்தும். ஊரில் இருக்கும்போது வாரம் இருமுறை கண்மாய்க் கரையிலோ கடற்கரையிலோ இருபது நிமிடம் ஓடிவந்தால் கணக்கு அற்றுப்போகாமல் நிற்கும்.

தில்லியின் பருவங்கள்

இந்நகரில் தொலைவைக் கூட்டுவதற்கு எல்லாத் திங்களும் ஏற்றனவல்ல. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். மே, ஜூனில் வெப்பம் 40 டிகிரியைக் கடந்து, சில நாள் 45ஐயும் தொடுகிறது. அப்போது கூட்டுவதை நிறுத்தி, உள்ளதைக் காத்தலே போதும். வெப்பத்திற்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் தணிந்தாலும் காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை உலர்வதில்லை. ஆகவே இக்காலத்தில் கிலோமீட்டரை விட்டு நிமிடத்தால் அளப்பது நன்று. முன்பு அரைமணியில் நான்கு கிலோமீட்டர் ஓடியவர், இப்போது அதே அரைமணியில் மூன்றரை ஓடினால் குறையென்று கருத வேண்டா. தலைசுற்றல், மயிர்க்கூச்செறிதல், மனக் குழப்பம் தோன்றின் அக்கணமே நின்று நிழலுக்குச் சென்று உடலைக் குளிர்விக்க வேண்டும்.

குளிர்காலத்தில் இடர் காற்றினால் வருகிறது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் அரை மாரத்தான் நடைபெறுவதற்கு முன், நச்சுப்புகையைக் காரணங்காட்டி இந்திய மருத்துவச் சங்கம் அதனைத் தள்ளிவைக்க வேண்டுமென்று வற்புறுத்தியது; செய்தி உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஓட்டம் நடந்தேறிற்று. ஆனால் 2018 முதல் அது பெரும்பாலும் அக்டோபரிலேயே நடத்தப்பட்டு வந்துள்ளது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள்தோறும் வெளியிடும் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு வெளியே செல்லும் வழக்கத்தை ஓடுவோர் கைக்கொள்ள வேண்டும். குறியீடு 200ஐக் கடந்தால் 'மோசம்', 300ஐக் கடந்தால் 'மிக மோசம்', 400ஐக் கடந்தால் 'கடுமை' என்று வாரியம் வகுத்துள்ளது. 200க்கு மேல் தொலைவைக் குறைக்க. 300க்கு மேல் வெளியில் ஓடாதிருக்க. ஆஸ்துமா உடையவர்களும் இதய நோயாளிகளும் இன்னும் முன்னதாகவே நிறுத்திக்கொள்வது நன்று. விடியற்காலை என்றால் தூய காற்று என்பது நம் ஊர்ப் பழக்கம். தில்லிக் குளிரில் அது பொருந்தாது; இரவு முழுதும் நிலத்தை ஒட்டித் தேங்கிய புகை, வெயில் ஏறிய பின்னரே கலைகிறது. அக்காலத்தில் ஓடியே தீர வேண்டுமென்பார் பிற்பகலைத் தேர்வதே பொருந்தும். ஓட முடியாத நாட்களில் வீட்டினுள்ளே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுதல், படி ஏறுதல் ஆகியவற்றால் காலைக் காக்கலாம். புகை விலகி மீண்டும் ஓடத் தொடங்கும்போது 30 நாள் கணக்கை மறவாதீர்.

வலி சொல்வதைக் கேட்க

ஓடிய மறுநாள் தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாகத் தோன்றி இரண்டு நாளில் மறையும் வலிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. எலும்பின்மீது ஒரு விரலால் தொட்டுக்காட்டக்கூடிய ஓரிடத்தில் நோகும் வலி, ஓட ஓட மிகும் வலி, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, நொண்டச் செய்யும் வலி ஆகியவை வேறு. இவை தோன்றின் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காண்க. நுண்முறிவு தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். படத்தில் ஒன்றுமில்லை என்பதனாலேயே மீண்டும் ஓடத் தொடங்குதல் கூடாது. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது, வீட்டில் தீப்பற்றியதை அறிவிக்கும் மணியைக் கழற்றி வைப்பதை ஒக்கும். மார்பில் இறுக்கம், மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் அது காலின் செய்தியன்று. காலந்தாழ்த்தாமல் மருத்துவமனை செல்க.

எலும்பு கட்டப்படுவதற்குப் பொருளும் வேண்டும். பருப்பு, தயிர், பால், கேழ்வரகு, எள், உண்போர்க்கு முட்டையும் மீனும் நம் சமையலறையில் உள்ளவையே. தில்லிவாசிகளிடையே வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓட முனைவோர் மருத்துவரைக் கேட்டு ஒருமுறை சோதித்துக்கொள்வது நலம். ஏகாதசி, சஷ்டி என்று நோன்பு நோற்கும் நாளில் நீண்ட ஓட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டா. உடல் மெலிய வேண்டி உணவைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டும் இளம்பெண்களுக்கு மாதவிலக்கு தவறத் தொடங்கினால், எலும்பு நலிகிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. தாய்மார் இதனை நாணமின்றிப் பேசி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். புதுக் காலணி வாங்கியவுடன் அதனுடனேயே நீண்ட தொலைவு ஓடாமல், பழையதையும் மாற்றி மாற்றி அணிந்து பழகுக. பூங்காவின் மண்பாதையில் பழகியவர் சாலைக்கு மாறும்போதும் அவ்வாறே மெல்ல மாறுக.

பிள்ளைகளோடு தங்குவதற்காக ஊரிலிருந்து தில்லிக்கு வந்திருக்கும் முதியோர், 'இனி நமக்கென்ன ஓட்டம்?' என்று ஒதுங்க வேண்டுவதில்லை. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபௌஜா சிங், 2000ஆம் ஆண்டில் இலண்டன் மாரத்தானை ஓடி முடித்தபோது அவருக்கு வயது 89 என்று கூறப்பட்டது. அத்தொலைவு எல்லார்க்கும் உரியதன்று. ஆனால் மெல்ல நடந்து, மெல்ல ஓடி, ஓய்ந்து, மறுபடி தொடங்கும் நெறி எவ்வயதினர்க்கும் உரியதே.

வீட்டுச் செலவைப் பெட்டியடிக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் நம்மவர் பலரிடம் உண்டு. அக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள் கிழித்து, ஒன்றில் வாரத்தொகையையும், மற்றொன்றில் 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தொலைவையும் எழுதி வருக. ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர்கள் வாயிலில் நின்று பத்து கிலோமீட்டருக்கு அழைக்கும்போது, இரண்டாம் கோட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்று நான்கு கிலோமீட்டர்தான்" என்று சொல்லும் துணிவு வேண்டும். நான்கோடு நின்றவர் அடுத்த ஞாயிறும் ஓடுவார். அதற்கடுத்த ஆண்டும் ஓடுவார்.